மடிக்கும் சைக்கிளின் வீலை மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தினமும் வேலைக்குப் போய்வர நான் ஓட்டுவது 20 அங்குல மடிக்கும் சைக்கிள். பின்வீலில் பழைய ஃப்ரீவீல் ரக ஹப் (பல்சக்கரத்தை மரையில் திருகி மாட்டும் நடுக்குடம்) இருந்தது. அந்த ரகத்தில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும்; வெளியே நீளும் அச்சுக்குத் தாங்கல் போதாது. எனக்கு இரண்டு முறை அச்சு வளைந்துவிட்டது. சரி, ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று அச்சுக்கு நல்ல தாங்கல் தரும் கேசட் ஹப், இரட்டைச் சுவர் ரிம், புது ஸ்டெயின்லெஸ் ஸ்போக்ஸ் (கம்பிகள்) எல்லாம் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். ரசீதிலும் அப்படியே எழுதித் தந்தார்கள்.

20 அங்குலம் என்ற பெயரில் 406, 451 மில்லிமீட்டர் என இரண்டு ரிம் அளவுகள் உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. என்னுடையது எது என்று அவர்கள் கேட்கவே இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

வீல் பளபளவென்று கறுப்பாக வந்தது. முதல் நாள் ஓட்டும்போதே ‘டிங், டிங்’ என்று சத்தம். முறுக்கிக்கொண்ட கம்பிகள் விடுபடும் சத்தம் அது. நன்றாகக் கட்டுகிறவர் கையால் அழுத்தி அழுத்தி அந்த முறுக்கை எடுத்துவிட்டுத்தான் வீலைத் தருவார். கேட்டதற்கு, “ஓட ஓட செட் ஆயிடும் சார்” என்றார்கள். பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்தது. ரிம்மின் கோட்டம் பிரேக் கட்டையில் உரசாமல் இருக்க கேபிளைத் தளர்த்தி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது வாரம் பஞ்சர். நான்கு நாளில் இன்னொன்று. மூன்றாவது பஞ்சர் ஆன அன்று காலையில் இடதுபக்கம் ஒரு கம்பியும் வளைவில் அறுந்து தொங்கியது. “சின்ன வீல்னா அப்படித்தான்” என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல். பெரிய வீல் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 470 சுற்று சுற்றினால் நம்முடையது 650 சுற்று சுற்றும். தரையைத் தொடும் இடத்துக்கு வரும்போதெல்லாம் கம்பியின் இழுவிசை குறைந்து மறுபடி ஏறும். தளர்வாகக் கட்டிய கம்பி இப்படியே களைத்து அறுந்துபோகும். ஆனால் ஒழுங்காக இறுக்கிய கம்பி ஒரு மாதத்தில் அறுந்துவிடாது.

வேறொரு பெரியவரிடம் கொண்டுபோனேன். டயரைக் கழற்றி ட்யூபைக் காட்டினார். மூன்று ஓட்டைகளும் ரிம் பக்கம்! தரையில் குத்திய பஞ்சர் அந்தப் பக்கம் வராது. ரிம் டேப்புக்குப் பதில் எலெக்ட்ரிக் டேப் சுற்றியிருந்தது. அதை உரித்தால், கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளின் தலைக்கு மேலே கம்பி முனைகள் இரண்டு மில்லிமீட்டர் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரட்டைச் சுவர் ரிம்மாக இருந்தால் அந்த முனைகள் இரண்டு சுவருக்கும் நடுவில் அடங்கியிருக்கும். இது ஒற்றைச் சுவர்.

“தம்பி, இது உங்க பழைய ரிம்தான்” என்றார். என்னால் நம்பவே முடியவில்லை. பிரேக் படும் இடத்தில் நகத்தை ஓட்டச் சொன்னார். குழிவாக இறங்கியது. ஒரு மாதத்தில் அவ்வளவு தேயாது. வால்வு துளைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவர் சுரண்டியதும், போன வருஷம் நான் பள்ளத்தில் விட்டு வாங்கிய நசுங்கல் தெரிந்தது. கறுப்பு பெயிண்ட் அடித்து என் ரிம்மையே எனக்கு விற்றிருக்கிறார்கள். கம்பிகளும் பழையவையே. புது ஹப்பின் விளிம்பு பெரியது, அதற்குக் குட்டையான கம்பி வேண்டும். பழசையே கோர்த்ததால் இறுக்கம் வருவதற்கு முன்பே மரை தீர்ந்துபோய்விட்டது. தளர்ந்த கம்பி, பஞ்சர் எல்லாம் இந்த ஒரே திருட்டால் வந்தவை.

பெரியவர் வலம், இடம் இரண்டுக்கும் தனித்தனியாக நீளம் அளந்து, புது ரிம்மில் இரண்டு குறுக்காக, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு இரண்டு கம்பிகளைக் கடக்கும்படி, கட்டித் தந்தார். முன்பு மூன்று குறுக்காகக் கட்டியிருந்தார்கள். சின்ன ரிம்மில் அப்படிக் கட்டினால் கம்பி மிகச் சாய்ந்து, நிப்பிள் வாயிலேயே மடங்கும்.

நீங்கள் கொடுப்பதானால், கழற்றிய ரிம்மும் கம்பிகளும் கையில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயர் மாட்டும் முன் ஒரு தடவை போய் உள்பக்கத்தைப் பாருங்கள். கம்பியில் காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நல்ல கம்பியிலும் லேசாக ஒட்டும், அதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

நான் ரசீதும் பழைய ரிம்முமாக அந்தப் பட்டறைக்குப் போனேன். ரிம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பட்டறைக்காரர் சொன்னது: “வெளியில டயரைக் கழட்டிட்டீங்களே சார், இனிமே வாரண்டி கிடையாது.”