பிபிஎம்என் 2.0: லேன் புரிகிறது, டைமண்ட் புரியவில்லை

"புதுசா சேர்ந்தவங்ககிட்ட பிபிஎம்என் படத்தைக் கொடுத்தா புரியுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வேலை எந்த வரிசையில், யார் கையில் நடக்கிறது என்று கட்டமும் அம்பும் போட்டு வரையும் முறைதான் பிபிஎம்என். முக்கால்வாசி புரியும். மிச்சக் கால்வாசியில்தான் பணம் போகும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூல் (நிறுவனத்துக்கான பெரிய பெட்டி), லேன் (அதற்குள் ஆளுக்கோ பிரிவுக்கோ ஒரு வரிசை) இரண்டையும் படத்தில் பார்த்தால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டோருக்கு ஒரு லேன், கணக்குப் பிரிவுக்கு ஒரு லேன் என்று போட்டால் ஆளாளுக்குத் தன் வரிசையில் விரல் வைத்துவிடுவார்கள். கட்டத்துக்குள் "பில்லைச் சரிபார்" என்று வினையாக எழுதுங்கள். "பில் சரிபார்ப்பு" என்றால் அது வேலையா, பிரிவின் பெயரா என்று குழம்புவார்கள்.

எரிச்சல் கேட்வேதான், அதாவது வழி பிரியும், சேரும் இடத்தில் போடும் டைமண்ட். டைமண்டுக்குள் பெருக்கல் குறி இருந்தால் ஏதாவது ஒரு வழி. கூட்டல் குறி இருந்தால் எல்லா வழியும். காலி டைமண்டுக்கும் பெருக்கலின் அர்த்தமே. கூட்டலை 45 டிகிரி திருப்பினால் பெருக்கல்! பெரிய படத்தை ஏ4 தாளில் சுருக்கி அச்செடுத்தால் எது எதென்று தெரியாது.

பில் பாஸ் செய்யும் படத்தையே பாருங்கள். கூட்டலில் பிரிந்து, ஸ்டோரில் சரக்கை எண்ணுகிறார்கள், கணக்கில் விலையைப் பார்க்கிறார்கள். சேரும் இடத்தில் பெருக்கல் போட்டுவிட்டால் அது யாருக்கும் காத்திருக்காது, வருகிற டோக்கனை (வேலை எங்கே நிற்கிறது என்று காட்டும் கற்பனை வில்லை) வந்தபடி விடும். "பணம் அனுப்பு" இரண்டு முறை ஓடும். பெருக்கலில் பிரித்துக் கூட்டலில் சேர்த்தாலோ, வராத டோக்கனுக்காக பில் அங்கேயே கிடக்கும். இதைவிட மோசம், கேட்வே இல்லாமல் ஒரே கட்டத்திலிருந்து இரண்டு அம்பு விடுவது. புதியவர் 'இதுவா, அதுவா' என்று படிப்பார். விதிப்படி இரண்டுமே ஓடும்.

ஏ3 தாளில் அச்செடுத்து, தொடக்க வட்டத்தில் டோக்கனாக ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, புதியவரையே நகர்த்தச் சொல்லுங்கள். பிரிக்கும் கூட்டலில் கிளைக்கு ஒரு நாணயம். சேர்க்கும் கூட்டலில் எல்லா நாணயமும் வந்த பிறகு ஒன்றுதான் கிளம்பும். பிரிக்கும் பெருக்கலின் மேல் "50,000 ரூபாய்க்கு மேலா?" என்று கேள்வியும், அம்புகளில் "ஆம்", "இல்லை" என்றும் எழுதுங்கள். கூட்டலுக்குக் கேள்வியே கூடாது.

2.0 வந்தது 2011-ல். 2013-ல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது. இன்னும் இந்த இரண்டு குறியும் அப்படியே இருக்கின்றன. நான் வேறு வரைமுறைக்கு மாறப் போவதில்லை. ஆனாலும் புதியவருக்குப் புரிகிறதா என்ற ஒரு கேள்விக்கு 5-க்கு 2தான் தருவேன்.