சிப்காட் வேலைக்கு வந்தால் ரூம் போடுவது பாண்டியிலா, கடலூரிலா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலையாக வரும் வெளியூர்க்காரர்கள் பலர் ரூம் போடுவது பாண்டியில்தான். எனக்கு முன்னால் இங்கே வந்துபோன சீனியரும் அதையே சொன்னார். “கடலூர்ல என்னப்பா இருக்கு? பகல்ல வேலையைப் பாரு, சாயங்காலம் பாண்டியில ஊர் சுத்து, நல்லா சாப்பிடு.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு கெமிக்கல் கம்பெனியில் கன்ட்ரோல் வால்வும் பிரஷர் கேஜும் சரிபார்க்கிற வேலை, மொத்தம் நாலு வாரம். முதல் பத்து நாள் பாண்டியில் தங்கினேன். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு மாறினேன். வேலை முடியும் வரை ஜாகை அங்கேதான். ஆகவே என்னை நடுவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என் ஓட்டு கடலூருக்கு.

சில விஷயங்களில் பாண்டிக்குப் பக்கத்தில்கூட கடலூர் வர முடியாது. சுற்றிப் பார்க்க இடம், நடக்க நல்ல தெரு, விதவிதமான சாப்பாடு, காபி குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார இடம் எல்லாவற்றிலும் பாண்டிதான். ரூம் வாடகை மட்டும் கடலூரில் குறைவு. பாட்டில் விலைக்காகப் பாண்டியில் தங்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வாதமே இல்லை, அவர்கள் கணக்கு வேறு.

என் கணக்கு சாயங்காலக் கணக்கு. வேலையாக வந்தவனுக்கு ஊர் என்பது வேலை முடிந்து குளித்துவிட்டுத் தூங்கப் போவதற்குள் கிடைக்கிற நேரம்தான். அது பாண்டியில் எனக்கு எவ்வளவு கிடைத்தது என்று விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ரூம் புக் செய்யும்போது யாரும் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கேட்டை விட்டு வெளியே வரும்போது மணி ஆறு. சிதம்பரம் ரோட்டில் நின்று பஸ் பிடித்து, முதுநகர் தாண்டி கடலூர் பஸ் ஸ்டாண்டு வர ஆறே முக்கால். அங்கிருந்து பாண்டி பஸ். தூரம் சுமார் 25 கிலோமீட்டர்தான். பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை, ஒன்று போனால் இன்னொன்று நிற்கும். ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை எல்லை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை வண்டி பறக்கும். ஆகா, ஏழரைக்கே போய்விடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்போது அரியாங்குப்பம் வரும். அதற்கப்புறம் முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்றுதான் ஊருக்குள் நுழைய முடியும். கடைசி ஐந்தாறு கிலோமீட்டர், முந்தைய பதினைந்து கிலோமீட்டருக்கான நேரத்தைத் தின்றுவிடும். ரூமுக்குள் கால் வைக்கும்போது மணி எட்டே கால்.

நேராகக் கடற்கரைக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். கெமிக்கல் கம்பெனியில் பகல் முழுக்க இருந்த சட்டையோடு பக்கத்து டேபிளில் உட்கார்ந்தால் ஆட்கள் எழுந்து போவார்கள். குளித்தே ஆக வேண்டும். அதெல்லாம் முடிந்து வெளியே வர எட்டே முக்கால். பீச் ரோட்டுக்குப் போய் ஒரு நடை நடந்தால் ஒன்பதரை. அதற்கு மேல் சாப்பிடப் போனால் பல இடங்களில் மெனு கார்டைக் கொடுக்கும்போதே “கிச்சன் மூடப்போறாங்க சார்” என்பார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தால்தான் எட்டு மணிக்கு கேட்டில் கைநாட்டு வைக்க முடியும்.

பத்து நாளில் கடலைப் பார்த்தது இரண்டே தடவை. நாலு ராத்திரி பரோட்டா பார்சல், ரூமில் நியூஸ் பேப்பரை விரித்து. அந்த நாலு நாளும் நான் இருந்தது பாண்டியா பெரம்பலூரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரயில் உண்டா என்று பார்த்தேன். பாண்டிக்கும் கடலூருக்கும் நேர் ரயில் பாதையே கிடையாது, விழுப்புரம் போய்ச் சுற்றி வர வேண்டும். ஒரு நாள் அவசரத்துக்கு டாக்ஸி பிடித்தேன். இது வேற ஸ்டேட், பர்மிட் காசு தனி என்றார் டிரைவர். கடைசியில் என்னைக் கிளப்பியது என்னவோ சின்ன விஷயம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி லாட்ஜ் ரிசப்ஷனில், “சார், நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் ரேட் டபுள்” என்றார்கள். சென்னை, பெங்களூர் கூட்டம் வரும் நாட்கள். பத்து நாளாக இருக்கிறவனுக்குமா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். சனிக்கிழமை காலை ரூமைக் காலி செய்தேன்.

கடலூரில் அதே ஆறு மணி. ஆறே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஐந்து நிமிட நடையில் ரூம். ஏழேகாலுக்குக் குளித்து வெளியே வந்துவிடுவேன். கையில் மூன்று மணி நேரம் முழுசாக இருக்கும், காலிலும் கொஞ்சம் தெம்பு இருக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்கு இந்த ஊர் தாராளமாகப் போதும்.

முதல் நாள் பாடலீசுவரர் கோயில். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்த்த தலம் இதுதான். அவர் கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் ‘நற்றுணையாவது நமச்சிவாயவே’ என்று ஒப்பித்தவன் அந்த ஊரிலேயே லாட்ஜ் எடுத்திருக்கிறேன் என்பது கோயில் வாசலில்தான் உறைத்தது. இன்னொரு நாள் திருவந்திபுரம். தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு எதிர்மலையில் ஹயக்ரீவரையும் பார்த்து வந்தேன். முகூர்த்த நாளில் அந்த மலையில் கல்யாணக் கூட்டத்துக்குள் புகுந்து வருவதே பெரிய காரியம் என்கிறார்கள். நான் போனது சாதாரணச் செவ்வாய்க்கிழமை, காற்றுதான் கூட்டமாக இருந்தது.

அதிகமாகப் போனது தேவனாம்பட்டினம் சில்வர் பீச். ரூமிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். பாண்டி பீச் ரோட்டில் கடலுக்கும் நமக்கும் நடுவே பாறை கிடக்கும். இங்கே மணல். பேன்ட்டை மடித்துவிட்டு நிற்கலாம். பஜ்ஜி, சோளம், மாங்காய்க் கீற்று, சுடச்சுட எண்ணெயிலிருந்து எடுக்கிற மீன் எல்லாம் கிடைக்கும். மீன் வறுக்கும் இடத்தில் என்ன மீன், எந்தத் துண்டு என்று நாம் விரலை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் கல்லில் போடுவார்கள். ஒளி அலங்காரமும் பிரெஞ்சுப் பெயர்ப் பலகையும் எதிர்பார்த்து வராதீர்கள்.

சாப்பாடு என்றால் பாண்டிதான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வகை என்று பார்த்தால் உண்மை. பிரெஞ்சு, பிரெஞ்சும் நம்மூரும் கலந்த கிரியோல், இத்தாலி, பேக்கரி ரொட்டி என்று எல்லாம் உண்டு. ஆனால் தனியாளாக, வாரத்தில் ஆறு ராத்திரி, ஆபீஸ் தினப்படியாகத் தரும் படிக்காசில் அதையெல்லாம் சாப்பிட முடியாது. படிக்காசுக்கும் வயிற்றுக்கும் ஒத்து வருகிற சாப்பாட்டில் கடலூர் ஒரு படி மேல் என்பேன். அதற்கு ஒரே சாட்சி வடகம்.

ரூமுக்குப் பின்தெருவில் ஒரு மெஸ். நாலு பெஞ்சு, ஓர் அக்கா, அவருடைய அம்மா. முதல் நாள் போனபோது அம்மா ஒரு டப்பாவிலிருந்து கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்து விரலால் உதிர்த்தார். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, நாள்கணக்கில் வெயிலில் காய வைத்த தாளிப்பு வடகம். நல்லெண்ணெய் காய்ந்ததும் உதிர்த்ததை அதில் போட்டார். கடுகு வெடித்து, வெங்காயம் சிவந்து கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் அப்படியே சங்கரா மீன் குழம்பில் கவிழ்த்து மூடினார். அந்த ‘சொய்ங்’ சத்தத்தோடு கிளம்பிய வாசனை தெருமுனை வரை போயிருக்கும். அந்தக் குழம்புக்காகவே தினமும் போனேன். புதன்கிழமை சுறாப்புட்டு. வேகவைத்து உதிர்த்த சுறாவில் சின்ன வெங்காயமும் பூண்டும் மீனுக்குச் சமமாக விழுந்திருக்கும். மூன்றாம் நாளே நான் ‘சார்’ போய் ‘தம்பி’ ஆகிவிட்டேன். பாண்டியில் பத்து நாளும் ‘சார்’தான்.

இதில் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுச் சமையலில் ‘வடூவான்’ என்று ஒரு மசாலா இருக்கிறது. வடவம் என்றும் சொல்கிற நம் வடகத்தைப் பாண்டியில் கண்டு எடுத்துப்போய்த் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதுதான். பாண்டியில் ஒரு நாள் அழகான பீங்கான் தட்டில் வடூவான் போட்ட மீன் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. அந்த பில்லில் மெஸ்ஸில் நாலு நாள் சாப்பிடலாம். சைவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படி வரும் என்பதில் என் வார்த்தையை நம்ப வேண்டாம், நான் மீனைத் தாண்டி அதிகம் போகவில்லை. இட்லி தோசைக்கு இரண்டு ஊரிலும் குறையில்லை.

பாண்டியா கடலூரா என்பது நாம் கண்டுபிடித்த சண்டையும் இல்லை. 1690ல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலம் தங்களுக்கு என்று பேசி, சுற்றிலும் சுட்டு எல்லை வகுத்துக்கொண்டார்கள். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் ஆங்கிலேயரின் தலைமையிடமே இங்கே வந்தது, 1752 வரை. பிறகு 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை இடித்தார். 1761ல் ஆங்கிலேயர் போய்ப் பாண்டியை இடித்தார்கள். இன்று நாம் படம் பிடிக்கிற பாண்டித் தெருக்கள் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை. பாண்டி மறுபடி கட்டிக்கொண்டது, கடலூர்க் கோட்டை கட்டிக்கொள்ளவில்லை. சீனியர் ‘கடலூர்ல என்ன இருக்கு’ என்று கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காகப் பாண்டியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ் ஏறுங்கள். அந்த நேரத்தில் அரியாங்குப்பமே தூங்கிக்கொண்டிருக்கும், ஆறரைக்குள் கடற்கரையில் இருக்கலாம். பீச் ரோட்டில் மாலையிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விட மாட்டார்கள். அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் பாண்டியின் அருமையான நேரம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1836ல் எழுப்பிய பழைய கலங்கரை விளக்கம், நடைப் பயிற்சிக்காரர்கள், காகம். அப்புறம் மணக்குள விநாயகர். வெயில் ஏறுவதற்குள் வெள்ளைக்காரத் தெருக்களில் ஒரு சுற்று. பெரிய வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தூண் வைத்த திண்ணை வீடுகள். என் கண்ணுக்கு இவைதான் அழகு, ஆனால் கேமரா எல்லாம் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீடு. 1908ல் பாண்டிக்கு வந்தவர் 1918 நவம்பரில் வெளியேறியபோது கடலூர் அருகே பிடிபட்டு, மூன்று வாரத்துக்கு மேல் கடலூர்ச் சிறையில் இருந்தார். பத்து மணிக்கு மேல் பெரிய மார்க்கெட்டும் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும். மதியம் ஒரு கிரியோல் சாப்பாடு, வாரத்துக்கு ஒரு தடவை என்பதால் படிக்காசும் தாங்கும். நாலு மணி பஸ்ஸில் ஏறினால் சாயங்கால நெரிசலுக்கு முன்னால் தப்பிக்கலாம். மூன்று ஞாயிறு இப்படிப் போனேன். பத்து நாள் தங்கிப் பார்த்ததைவிட இந்த மூன்று நாளில் பார்த்தது அதிகம்.

இரண்டு ராத்திரி வேலை என்றாலோ, கம்பெனி கார் வாசலுக்கு வந்து ஏற்றி இறக்கும் என்றாலோ பாண்டியிலேயே தங்கிவிடுங்கள். வீட்டாரை அழைத்து வந்தாலும் அப்படித்தான், பகலில் அவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. எங்கள் டீமில் இருந்த பெண் இன்ஜினியர் கடைசி வரை பாண்டியை விட்டு வரவில்லை. தனியாகத் தங்க மனசுக்குப் பிடித்த லாட்ஜ் கடலூரில் தனக்கு அமையவில்லை என்றார். அவர் சொன்னதை மறுத்துப் பேச எனக்கு அனுபவம் கிடையாது.

இரண்டாம் கட்ட வேலை நவம்பரில். நான் இருந்தது வெயில் காலம், கடலூர் மழையையும் புயலையும் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். கிளம்புகிற அன்று வடக உருண்டை பத்து வாங்கிக்கொண்டே அக்காவிடம் கேட்டேன், மழையில் இங்கே தங்குவது சரிப்படுமா என்று. “தண்ணி முழங்காலுக்கு வந்தா பெஞ்சு மேல அடுப்ப வச்சுக்குவோம் தம்பி. நீ வர்றதுக்கு முந்தி ஒரு போன் மட்டும் பண்ணிடு” என்றார்.