தோண்டியெடுத்த டாலருக்குத் தரச்சான்று: காசுக்கு ஏற்ற சேவைதானா?

பழைய நாணயத்தைச் சோதித்து, அசல் என்று உறுதிசெய்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் வேலையில் சந்தை பெரும்பாலும் நம்புவது இரண்டு அமெரிக்க நிறுவனங்களை: 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் வந்த என்ஜிசி. சிங்கப்பூரில் உள்ளூர் நாணயக் கடை வழியாக அனுப்புவதுதான் சுலபம். நல்ல சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அலமாரியில் இருந்த நாணயத்துக்குக் கிடைக்கும் பலன் மண்ணுக்குள் கிடந்த நாணயத்துக்குக் கிடைக்காது. மண்ணிலிருந்து வந்ததற்கு நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது ‘அசல்’ என்ற முத்திரையை மட்டும்தான். மதிப்பெண்ணை எதிர்பார்த்து அனுப்பினால் ஏமாற்றமே மிச்சம்.

முதலில், அது உங்களுடையதா? சிங்கப்பூரில் அரசு நிலத்தில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே சொந்தம் என்பதை 2021இல் நிறைவேறிய நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் தெளிவாக்கிவிட்டது. பூங்காவிலோ கடற்கரையிலோ கிடைத்ததென்றால் முதலில் அழைக்கவேண்டியது தேசிய மரபுடைமைக் கழகத்தை, கடைக்காரரை அல்ல. ஊரில் தாத்தா நிலத்தில் கிடைத்த சோழர் காசைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இந்தியாவில் 100 ஆண்டு கடந்த நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே எடுத்துவரக் கூடாது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும் என்கிற 1878ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஏலக்காரர்கள் இப்போது “எங்கே கிடைத்தது?” என்று கேட்காமல் எடுப்பதில்லை. பதில் எழுத்தில் இருக்கட்டும்.

அனுப்பலாமா வேண்டாமா என்பதை முக்கால்வாசி வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம். சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் ஸ்ட்ரெய்ட்ஸ் குடியேற்றத்தின் 1903 டாலரை எடுத்துக்கொள்வோம். ஏழாம் எட்வர்ட் தலை, பம்பாய் நாணயச்சாலை, 26.95 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. 1906இல் டாலரின் மதிப்பைப் பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைப்படுத்தினார்கள். அதன்பின் வெள்ளி விலை ஏறவே, மக்கள் உருக்கிவிடுவார்கள் என்று 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919, 1920 டாலர்கள் 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி. ஆக, ஆண்டுக்கும் எடைக்கும் பொருந்தவில்லையா, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தேய்ந்த டாலர் 26.5க்கு இறங்குவது சகஜம். ஆனால் 27.2 காட்டினால் ஒன்று மேலே தடித்த படிவு இருக்கிறது, இல்லை போலி.

எடை மட்டும் சரியாக இருக்கும் போலிகளைப் பிடிக்க ஒப்படர்த்திச் சோதனை, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று பார்ப்பது. 0.01 கிராம் துல்லியமுள்ள தராசில் வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) ஊற்றிய குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுதாக முக்குங்கள். அப்போது தராசு காட்டுவது விலகிய நீரின் எடை. உலர் எடையை அந்த எண்ணால் வகுக்கவேண்டும். 26.95 கிராம் அசல் டாலர் 2.61 பக்கம் காட்டும், அதாவது ஒப்படர்த்தி 10.3. அதே எடையில் செம்பு-நிக்கலில் செய்த போலி 3.03 பக்கம் போகும், பித்தளை 3.15ஐயும் தாண்டும். இங்கே தவறு நடப்பது காற்றுக் குமிழியால். மண் அரித்த குழிகளில் காற்று தங்கிவிட்டால் அசல் நாணயமும் போலிபோலக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, மென்மையான தூரிகையால் குமிழியைத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். 2.71 கிராம் எடையுள்ள ஸ்ட்ரெய்ட்ஸ் 10 காசுக்கு இந்தத் தராசு போதாது, அதற்கு 0.001 கிராம் துல்லியம் வேண்டும்.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினால், அல்லது அதை அரத்தால் தேய்த்து மறைத்த தடம் இருந்தால், அது உருக்கி அச்சில் வார்த்த போலி. வார்ப்புக் குழிகள் சின்னதாக, உருண்டையாக, எழுத்துகளின் ஓரத்தில் கூடியிருக்கும். மண் அரித்த குழிகள் ஒழுங்கில்லாமல், படிவுக்கு அடியில் இருக்கும். பம்பாயின் ‘பி’ எழுத்து 1903 டாலரில் மேடாகவும் பள்ளமாகவும் இரண்டு விதமாக உண்டு. விலையும் வேறு என்பதால் அந்த இடத்தைத் தனியாகப் படமெடுத்து வைக்கவும்.

தேக்கா நகைக்கடையில் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தால் போதாதா? போதாது. அந்தக் கருவி மேல்பரப்பை மட்டும் படிக்கிறது. மண்ணுக்குள் இருந்த வெள்ளியிலிருந்து மேல்பக்கச் செம்பு கரைந்துபோயிருக்கும், அதனால் 900 இருக்கவேண்டிய இடத்தில் கூடுதலாகக் காட்டும். வெள்ளி முலாம் பூசிய போலியும் அங்கே தேறிவிடலாம். உரைகல்லில் உரச மட்டும் விடாதீர்கள்.

இனி, சுத்தம் செய்வது. பூஜைச் சாமானைப் புளி போட்டுத் துலக்குவதுபோல நாணயத்தைத் துலக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே தேய்ப்பில் பாதி விலை போய்விடும், எந்த நிறுவனத்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது. வடிநீரில் ஊறவைத்து மண்ணை இளக்கலாம், எண்ணெய்ப் பிசுக்குக்கு அசிட்டோன், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் சேர்மம் உண்டு. செம்பு, வெண்கலக் காசில் வெளிர்ப்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. நம்மூர் ஈரக்காற்றில் அது நிற்காமல் தின்றுகொண்டே போகும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, தொல்பொருள் பராமரிப்பு நிபுணரிடம் கொடுக்கவும். மெத்தென்ற பிவிசி உறையும் எதிரிதான், பச்சைப் பிசுக்கு விடும். மைலார் உறை வாங்குங்கள்.

சேவைக்கு வருவோம். கடைக்காரர் படிவத்தில் நாணயத்தின் வகை, ஆண்டு, நீங்கள் சொல்லும் மதிப்பு ஆகியவற்றை எழுதுவார். கட்டணப் பிரிவும் காப்பீடும் அந்த மதிப்பை வைத்துத்தான். வானளாவச் சொன்னால் கட்டணம் ஏறும், குறைத்துச் சொன்னால் தொலைந்தால் நஷ்டம் உங்களுக்கு. போலி என்று தெரிந்தால் பெட்டி கிடையாது, கட்டணமும் திரும்பாது. மண்ணில் கிடந்தது பெரும்பாலும் எண் மதிப்பெண் இல்லாமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று வரும்: அசல்தான், ஆனால் சூழல் சேதம், அல்லது சுத்தம் செய்யப்பட்டது. இதில் நிறுவனங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பழங்கால நாணயத்துக்கு மட்டும் கவனம்: என்ஜிசியின் பழங்காலப் பிரிவு கருத்துச் சொல்லுமே தவிர, அசல் என்ற உத்தரவாதம் தருவதில்லை. திரும்பி வரும் பொட்டலத்தின் மதிப்பு 400 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டினால் 9% பொருள் சேவை வரிக் கேள்வி எழும், ஆகவே சொந்தப் பொருளை அனுப்பினீர்கள் என்பதற்கான ஆவணத்தைத் தூக்கிப்போடாதீர்கள்.

எப்போது அனுப்பலாம்? கட்டணம், கடைக்காரர் கமிஷன், அஞ்சல், காப்பீடு எல்லாம் கூட்டி, ‘டீடெய்ல்ஸ்’ நிலையில் கிடைக்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வேண்டாம். அழகான நாணயத்தின் ஏல விலையைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் எல்லாரும் விழும் குழி. விக்டோரியா காலத்துச் சாதாரணச் செம்புக் காசுக்கு இந்தச் சேவை வீண். 1871 ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளிக் காசு போன்ற அரிய ஆண்டுகளுக்கு, போலி சந்தேகமே விலையை அடிக்கும் இடங்களில், கொடுத்த காசு திரும்பி வரும்.

விற்கும்போது அடிமட்ட விலை கையில் இருக்கட்டும். 1903 டாலரில் சுத்த வெள்ளி 24.26 கிராம். அதை விற்கும் நாளின் ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதற்குக் கீழே எந்தக் கடையாவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். பெனின்சுலா பக்கத்து நாணயக் கடைகளில் இரண்டு மூன்றிலாவது கேளுங்கள், முதலில் உங்கள் விலையைச் சொல்லாதீர்கள். கேரோசல் இணையச் சந்தையில் விற்றால் விளிம்பின் படத்தையும் போட்டு, பேநவ் பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்தபின் கையில் கொடுக்கவும். அரிய பொருளுக்கு ஏலம்தான் சரி, மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஒப்பந்தத்தில் விற்பவர் கமிஷன் எவ்வளவு, குறைந்தபட்ச விலை யார் குறிப்பது, விலைபோகாவிட்டால் கட்டணம் உண்டா, பணம் எத்தனை நாளில் வரும் என்ற நான்கும் எழுதியிருக்கவேண்டும். ஒப்படைக்கும் ரசீதில் ‘பழைய நாணயம் 1’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். எடையும் விட்டமும் சான்று எண்ணும் இருபக்கப் படமும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.