குளூட்டன் இல்லாத பார்பிக்யூ: வீட்டுக்கு வந்து சுட்டுத் தருபவர்களை நம்பலாமா?

வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கும் ஆடி மாதத்தில், யாழ்ப்பாணத்தில் அடுப்போடு வீட்டுக்கே வந்து மீன், இறைச்சி சுட்டுத் தருகிறவர்களுக்கு நல்ல வேலை. நாங்கள் கூப்பிட்டது கோண்டாவில் பக்கத்துச் சின்னக் குழு ஒன்றை. பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று, இரும்பு அடுப்பு, சிரட்டைக்கரி மூட்டை, மூன்று பொடியன்கள், அவ்வளவுதான். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன், பிழைக்கிற பிள்ளைகளின் வயிற்றில் அடிக்க விருப்பமில்லை.

கனடாவிலிருந்து வந்த பெறாமகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, றை ஆகியவற்றில் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால் அவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்பக்கத்தைத் தாக்கும். "ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன வரப்போகிறது" என்ற பேச்சுக்கே இடமில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்தப் பொதியில் 'குளூட்டன் இல்லை' என்று போடக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல், அப்படியென்றால் மேசையில் சிந்திய பாண் தூள்கூடக் கணக்கில் வரும்.

தொலைபேசியில் இதைச் சொன்னதும் "பாண் வைக்காமல் விடுறம் அக்கா, பிரச்சினை இல்லை" என்றார்கள். பிரச்சினை பாணில் இல்லை, அது எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும். இறைச்சி ஊறவைக்க என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன், சலிக்காமல் எல்லாப் போத்தலையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இந்த ஒன்றுக்கே அவர்களுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம், பெரிய இடங்களில் கேட்டால் "அதெல்லாம் எங்கட ரெசிபி" என்று வாயை மூடிவிடுவார்கள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் சோயா சோஸில் கோதுமை, ஒய்ஸ்டர் சோஸில் கோதுமை மா, சிறுவர்களுக்கென்று சேர்த்த சொசேஜிலும் கோதுமை மா. சோயாமீற்றும் இதே கதைதான், பொதியைப் படிக்காமல் மரக்கறிக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, நெருப்பும் கையும் உங்களுடையது, தூளும் புளியும் எங்களுடையது என்று பேசி முடித்தோம். வீட்டில் வறுத்து அரைத்த கறித்தூள், உப்பு, தேசிக்காய், இஞ்சி, உள்ளி, மிளகு, பழப்புளி. உண்மையைச் சொன்னால் இதுக்கு மேல் ஒரு சோஸும் தேவைப்படவில்லை. தூளை மில்லில் கொடுத்து அரைக்கிறவர்கள், மிளகாய் அரைக்கிற மெஷினில் வேறு மாவும் போடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சுடுவதில் இவர்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. குருநகரில் காலையில் வாங்கிய கணவாயைக் கீறி, தூள் பிரட்டி, கரி வெள்ளையாகத் தணலான பிறகுதான் வைத்தார்கள். ஒரு நிமிடம் கூடினாலும் றப்பர் மாதிரி ஆகிவிடும் கணவாய் பஞ்சு மாதிரி வந்தது. இறாலை ஓட்டோடு வைத்தார்கள், விளைமீனை வாழையிலையில் சுற்றிச் சுட்டார்கள். சோளகக் காற்று வேறு சாம்பலைக் கிளப்பிக்கொண்டு அடித்தது, கேட்காமலே தகரம் இரண்டை எடுத்து மறைப்புக் கட்டினார்கள். கோழி மட்டும் எலும்போரம் கொஞ்சம் சிவப்பாக இருந்தது, திருப்பிக் கொடுத்தோம், முகம் சுளிக்காமல் மறுபடி வைத்தார்கள்.

என் கோபம் இடுக்கியில்தான். அவளுக்கென்று புதுக் கம்பிவலை, புது இடுக்கி, தனித்தட்டு, முதலில் அவளுடையதைச் சுட்டு எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. முதல் சுற்றுச் சரியாகவே நடந்தது. பிறகு சிறுவர்கள் சத்தம் போட, ஒரு தம்பி சொசேஜைப் பிரட்டிய அதே இடுக்கியால் அவளுடைய இரண்டாம் சுற்று இறாலைத் தொட்டுவிட்டார். நான் பாய்ந்து போய்த் தடுத்தபோது அவர் சொன்னது: "அக்கா, நெருப்பிலை எல்லாம் எரிஞ்சுபோயிடும்தானே?" எரியாது. குளூட்டன் கிருமி இல்லை, சூட்டுக்குச் சாக. அந்த இறாலை நாங்கள் சாப்பிட்டோம், அவளுக்கு வேறு சுட்டார்கள், அதற்குக் காசும் சேர்க்கவில்லை. சேர்க்காதது நியாயம்தான், ஆனால் காசு இல்லை விஷயம். வேலைக்கு வருகிற மூவருக்கும் முதலாளி முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் சொன்னது தெரிந்தது.

இவர்கள் புட்டும் இடியப்பமும் கொண்டுவருகிறோம் என்றதை வேண்டாம் என்றுவிட்டேன். கடைப் புட்டில் அவித்த கோதுமை மா கலப்பது இங்கே வழமை, நிறத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் சிவப்பு அரிசிமாப் புட்டும், அவித்த மரவள்ளியும், கட்டைச் சம்பலும் செய்தோம். அம்மா ஒடியல் கூழ் காய்ச்சினா. நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, பனங்கிழங்கு காயவைத்து இடித்த மாவில் தடிக்கிற சாமானில் கோதுமைக்கு எங்கே இடம்? அந்தப் பிள்ளை எதையும் விசாரிக்காமல் பிலாவிலையை மடித்துக் குடித்தது இது ஒன்றைத்தான். மோருக்குத் தாளிக்கும்போது பெருங்காயம் போடாமல் விட்டோம், கடையில் வருகிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருப்பது சாதாரணம். பியர் பார்லி, ஆகவே அவளுக்கு இல்லை. கள்ளு தாராளம், ஆனால் சித்தப்பாமார் மிச்சம் வைக்கவில்லை.

மொத்தத்தில் இன்னொரு தடவையும் இவர்களைத்தான் கூப்பிடுவேன், அடுத்தமுறை சொசேஜ் வீட்டு வாசலே மிதிக்காது. ஒரே அடுப்பில் இரண்டு விதமாகச் சுட வைத்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் காவல் நிற்பதைவிட, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு வைப்பது சுகம், சுவையிலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. விலை தலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள், கடலுணவை நாங்களே வாங்கிக் கொடுத்தால் நன்றாகக் குறைக்கிறார்கள். சாம்பலையும் நண்டுக் கோதையும் கூட்டி அள்ளிக்கொண்டு போனதால் அடுத்தநாள் காலை முற்றத்தில் காகம் இல்லை. சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருவார்கள், நேரத்தை அதற்கேற்பச் சொல்லுங்கள்.

நாள் குறிக்கும்போது நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 25 நாளும் பாதி ஊர் மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் தொடாது, திருவிழா முடிந்த கிழமை இவர்களைப் பிடிக்கவே முடியாது.