வளர்முனையில் இரு டொமைன்கள்: டி.ஓ.ஜி., சி.எச்.

தண்டையார்பேட்டையில் கூடும் எங்கள் உயிரியல் வாசிப்பு வட்டத்தின் அடுத்த உரைக்கு, செல்லின் உட்சட்டகத்தைச் சேர்ந்த நுண்குழல்களின் வளர்முனையை (அவை நீளும் முனையை) ஒழுங்குபடுத்தும் இரு டொமைன்களில் (புரதத்தில் தனித்து மடியும் பகுதிகளில்) எதைத் தேர்வது என்ற கேள்விக்காக இந்த ஒப்பீடு.

நுண்குழல் வளர்ச்சியை விரைவுபடுத்தும் எக்ஸ்மேப்215 குடும்பப் புரதங்களிலுள்ள டி.ஓ.ஜி. டொமைன், ஹீட் எனப்படும் ஆறு மீள்வரிசைகளால் ஆன தட்டையான துடுப்பு போன்றது. அதன் ஓரத்து வளையங்கள், கரைசலில் வளைந்த நிலையிலிருக்கும் டியூபுலின் இரட்டையை (நுண்குழலின் கட்டுமான அலகை) பற்றிக்கொண்டு வளர்முனையில் சேர உதவுகின்றன. ஈஸ்ட்டின் எஸ்.டி.யு.2 புரதத்தில் இத்தகைய டொமைன்கள் இரண்டு, மனிதரின் சி.எச்.-டி.ஓ.ஜி. புரதத்தில் ஐந்து (இப்பெயரிலுள்ள சி.எச்.-க்கும் அடுத்து வரும் சி.எச். டொமைனுக்கும் தொடர்பில்லை).

வளர்முனையில் கூடும் இ.பி.1 என்ற புரதத்தின் சி.எச். டொமைனோ தனி டியூபுலினைத் தேடுவதில்லை. கட்டப்பட்ட சுவரில் நான்கு இரட்டைகள் சந்திக்கும் மூலையில் அமர்ந்து, அங்கு டியூபுலினோடு இணைந்துள்ள ஜி.டி.பி. (GTP) என்ற சிறு மூலக்கூறின் நிலையை இனங்காண்கிறது. துறைமுகத்து மொழியில் சொன்னால், முன்னது சுமை ஏற்றுபவர், பின்னது முத்திரை பார்க்கும் சுங்க அலுவலர். இ.பி.1 தன் மறுமுனையால் பிற புரதங்களையும் முனைக்கு அழைத்து வருகிறது.

தொடக்க மாணவர்களுக்கு சி.எச். எளிது. ஆயினும் என் தேர்வு டி.ஓ.ஜி.தான், ஏனெனில் அதே மடிப்பு கிளாஸ்ப் என்ற வேறொரு குடும்பப் புரதங்களில் வளர்ச்சி வேகத்தைக் கூட்டாமல், நுண்குழல் சிதைவைத் தடுக்கும் பணியைச் செய்கிறது. நேரமிருந்தால், எக்ஸ்மேப்215, இ.பி.1 இரண்டும் சேர்ந்தால் செல்லுக்குள் காணும் வளர்ச்சி வேகத்தை ஆய்வுக்குழாயிலேயே எட்டலாம் என்று 2013-இல் காட்டப்பட்டதையும் விளக்கலாம்.