வாங்கும்போது 5%, பழுதானால் 18%

பெங்களூரு அல்சூரில் இருக்கும் சித்தி மகன் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணா, சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சிடுச்சே, இப்பவும் எலெக்ட்ரிக் எடுக்கலாமா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை, என் எலெக்ட்ரிக் காரின் சர்வீஸ் சென்டர் பில் என் கையில் இருந்தது.

2022 தொடக்கத்தில் நான் வாங்கியபோது சலுகைகளுக்குக் குறைவில்லை. 2019 ஆகஸ்டில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்த ஜிஎஸ்டி, கர்நாடகத்தில் சாலை வரி விலக்கு, கார் கடன் வட்டியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் கழிவு. முதல் ஆண்டு கட்டிய சுமார் 75,000 ரூபாய் வட்டிக்கு, செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 23,400 ரூபாய் வரி மிச்சமானது. வருமான வரியின் புதிய முறைக்கு மாறியதும் அந்தக் கழிவு போயிற்று. 2023 மார்ச்சுக்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கோ அது அறவே இல்லை.

இப்போது பில்லுக்கு வருகிறேன். வாரண்டி முடிந்த சில மாதங்களில், காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர் செயலிழந்தது. பாகத்தின் விலை 60,000. அதன் கீழே மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 5,400, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி 5,400 என்று இரண்டு வரிகள், சேர்த்தால் 18%. அதே சார்ஜர் புதிய காருக்குள் பொருத்தப்பட்டு வந்தால் 5%, தனியாக வந்ததற்கு என் பில்லில் 18%. பேட்டரிக்கும் இதே கதைதான். பொதுச் சார்ஜிங் நிலையத்தில் ஏற்றும் மின்சாரத்துக்கும் 18%தான்.

என் எரிச்சல் பணத்தால் மட்டும் வந்ததன்று. பேட்டரி தயாரிப்பில் வெளியாகும் கார்பனால், மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிடக் கூடுதல் கார்பன் கடனோடுதான் சாலைக்கு வருகிறது. அந்தக் கடனை ஓடி ஓடித்தான் அடைக்க வேண்டும். அப்படியிருக்க, வாங்குகிறவனுக்குச் சலுகையும், பழுது பார்த்துத் தொடர்ந்து ஓட்டுகிறவனுக்கு முழு வரியும் என்றால், உமிழ்வைக் குறைக்கும் திட்டமா, விற்பனையைக் கூட்டும் திட்டமா?

வண்டியைக் குறை சொன்னால் பாவம். சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாலும் கியர் மாற்றிக் கால் வலிப்பதில்லை, என்ஜின் அதிர்வும் இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருக்கும், பெட்ரோல் முள்ளைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை. சார்ஜர் பழுதானதும் வீட்டு வாசலில்தான்.

சிறிய பெட்ரோல் காருக்கு முன்பு செஸ்ஸோடு 29% இருந்தபோது மின்சாரக் காரின் 5 சதவீதத்துக்கும் அதற்கும் 24 புள்ளி வித்தியாசம். 2025 செப்டம்பருக்குப் பிறகு அது 13தான். இதையெல்லாம் அவனிடம் சொல்லி, பெட்ரோலே எடு என்று முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் காரைத்தான் ஓட்டிப் பார்க்க வருகிறானாம்; சாவியைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.