பெட்ரோலா, பேட்டரியா? புல் ட்ரிம்மர் வாங்குமுன் ஒரு கணக்கு

நான்கு மாதம் தொடாமல் வைத்திருந்த பெட்ரோல் ட்ரிம்மரை ஒரு நாள் காலையில் வெளியே எடுத்தேன். வேலி ஓரத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. கயிற்றை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். சோக்கைப் போட்டுப் பார்த்து, எடுத்துப் பார்த்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் இழுத்து, கடைசியில் வலது தோள்பட்டை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. அன்றைக்குப் புல் வெட்டவில்லை. இத்தனைக்கும் இயந்திரத்தில் எந்தப் பாகமும் உடையவில்லை. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் பழசாகி, கார்புரேட்டரின் ஊசித்துளையில் பிசினாக ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் சங்கதி.

பெட்ரோல், பேட்டரி இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எதற்குப் பலம் அதிகம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டையும் சில வருடம் வைத்து ஓட்டியதில் எனக்கு வேறு இரண்டு கேள்விகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒரு தடவை எடுத்தால் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓட்டுவீர்கள்? அதை வைத்துவிட்டால் அடுத்த தடவை எடுக்க எத்தனை நாள் ஆகும்? பெட்ரோல் இயந்திரம் ஓடிக் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். பேட்டரி இயந்திரமோ மாதக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் விசையை அழுத்தியதும் ஓடும். ஆனால் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டப் போனால் மூச்சு வாங்கும்.

இந்தக் கருவி பிறந்த கதையே கொஞ்சம் வேடிக்கையானது. 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் நைலான் பிரஷ்களைப் பார்த்திருக்கிறார். பெயிண்டுக்குச் சேதமில்லாமல் அழுக்கை மட்டும் எடுக்கிறதே, மரத்தைச் சுற்றி முளைக்கும் புல்லையும் இப்படி எடுக்க முடியாதா என்று யோசித்து, ஒரு தகர டப்பாவில் துளை போட்டு, மீன்பிடி நரம்பைக் கோர்த்து, மோட்டாரில் மாட்டிச் சுழற்றினார். அரை நூற்றாண்டு தாண்டியும் வெட்டும் முனை அதேதான்: வேகமாகச் சுழலும் நைலான் நரம்பு. அதை எது சுழற்றுகிறது என்பதில்தான் இப்போதைய போட்டி. (நைலான்தானே என்று இளம் கன்றுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். பட்டையை வட்டமாக உரித்துவிடும், கன்று பட்டுப்போகும்.)

டேங்க்கும் பேட்டரியும்

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. சின்ன டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணடிக்கும். உள்ளே புதுக் கலவை வரும் வழியும் புகை போகும் வழியும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருப்பதால், வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போய்விடுகிறது. வேலை முடிந்து குளித்த பிறகும் சட்டையில் நிற்கும் வாடை அதுதான். இத்தனை வீணுக்குப் பிறகும் லிட்டருக்கு ஒரு யூனிட்டோ அதற்குச் சற்று மேலோ நரம்பைச் சுழற்றக் கிடைக்கிறது.

இப்போது பேட்டரிக்கு வருவோம். 36 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 144 வாட்-அவர். ஒரு யூனிட்டில் (அதாவது 1000 வாட்-அவரில்) ஏழில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வேலையை இப்படிப்பட்ட பேட்டரிகள் எட்டு, பத்து சேர்ந்துதான் தர முடியும். அதனால் ஓடும் நேரத்தில் பெட்ரோலோடு பேட்டரி மல்லுக்கட்டவே முடியாது. இதில் ஒளிவுமறைவு எதற்கு?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வோல்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். லித்தியம் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுசாகச் சார்ஜ் ஆனவுடன் நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டும். சில நிறுவனங்கள் அந்த உச்சத்தை எழுதும், சில சராசரியை எழுதும். அதனால் ‘20 வோல்ட்’ பேட்டரியும் ‘18 வோல்ட்’ பேட்டரியும் உள்ளே அதே ஐந்து செல் வரிசைதான். ‘40’ என்பது 36, ‘56’ என்பது 50 சொச்சம். இரண்டு மாடல்களை ஒப்பிட வாட்-அவர் ஒன்றுதான் நேர்மையான எண். அதைச் சின்ன எழுத்தில் பேட்டரியின் அடிப்பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள்.

அந்த 144 வாட்-அவர் எவ்வளவு நேரம் வரும்? மெல்லிய புல்லை மிதமான வேகத்தில் வெட்டும்போது மோட்டார் 300 வாட் இழுத்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அடர்ந்த களையில் முழு வேகத்தில் 600 வாட் இழுத்தால் பதினான்கு நிமிடம். கேட்டால் கம்மியாகத்தான் தெரியும். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் நீங்கள் கல்லை நகர்த்தும்போதும், வியர்வை துடைக்கும்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். பேட்டரி, விரலை எடுத்தவுடன் நின்றுவிடும். உண்மையில் விசை அழுத்தப்பட்டிருக்கும் நேரம் மட்டும்தான் கணக்கு. வாங்குவதற்கு முன்னால், இரவல் இயந்திரத்திலாவது ஒரு முறை உங்கள் இடத்தை வெட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து, நரம்பு சுழலும் நேரத்தை மட்டும் போனில் அளக்கச் சொல்லுங்கள். நான் ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தது இருபத்திரண்டு நிமிடம்தான் வந்தது. மீதி நேரமெல்லாம் நடப்பதும் நிற்பதும்.

இரண்டு பேட்டரி இருந்தால் ஒன்று ஓட, ஒன்று சார்ஜ் ஆக என்று சுற்றிச் சுற்றி ஓட்டலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு உதைக்கும். இருபது நிமிடத்தில் தீரும் பேட்டரி, சாதாரண சார்ஜரில் ஏற ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். வெயிலில் ஓடிச் சூடாக இறங்கிய பேட்டரியைப் பல சார்ஜர்கள் ஆறும் வரை சார்ஜ் செய்யாமல் காக்க வைக்கும். அது பேட்டரியின் நன்மைக்குத்தான். ஆக, இரண்டாவது பேட்டரியோடு அன்றைய வேலை முடிந்துவிடும் என்றால் பேட்டரி எடுங்கள். முடியாது என்றால், மூன்றாவது நான்காவது பேட்டரி வாங்கிச் சமாளிக்கப் பார்ப்பதைவிடப் பெட்ரோலே மேல்.

பலம் என்று வரும்போது

சாதாரணப் புல்லுக்கும் இளங்களைக்கும் நல்ல பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ளே உரசித் தேயும் கரித்துண்டு இல்லாதது) உள்ள பேட்டரி ட்ரிம்மர் தாராளமாகப் போதும். நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை கிடைப்பது மின்மோட்டாரின் குணம். டூ-ஸ்ட்ரோக் வேகம் ஏறினால்தான் பலம் கொடுக்கும். வேகம் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும். இது புத்தகக் கணக்கு. ஈரம் கட்டிய உயரமான புல்லில் நடப்பது வேறு மாதிரி: பெட்ரோல் இன்ஜின் திணறுவது சத்தத்திலேயே தெரியும், நாம் கையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்போம். பேட்டரி எந்த அறிகுறியும் காட்டாமல் பட்டென்று தன்னை அணைத்துக்கொள்ளும். முதல் வாரத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகு மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டப் பழகிவிடுவோம்.

விரல் தடிமனில் தண்டு முற்றிய புதர், முள்செடி என்றால் அது நரம்பின் வேலையே இல்லை. அங்கே 35 சிசி அல்லது அதற்கு மேற்பட்ட பெட்ரோல் பிரஷ் கட்டரும் இரும்புத் தகடும் தோள்பட்டை வாரும் வேண்டும். முதுகில் மாட்டும் பெரிய பேட்டரியோடு இதற்கு ஈடான இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் அவை தினமும் இதையே தொழிலாகச் செய்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. சொந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நரம்பின் தடிமனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி ஒப்பீடு பொய்யாகிவிடும். தடித்த நரம்பு காற்றைக் கிழிக்கவே சக்தியைத் தின்னும். 2 மில்லிமீட்டர் நரம்புக்குச் செய்த பேட்டரி இயந்திரத்தில் 3 மில்லிமீட்டர் நரம்பைச் சுற்றினால், மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும், வெட்டும் சுகமாக இருக்காது. காவல் தகட்டைக் கழற்றிவிட்டு நரம்பை நீளமாக விடுகிறவர்களுக்கும் இதே கதி. கூடவே கல் தெறிக்கும். பழைய நரம்பு காய்ந்து பொட்டுப் பொட்டென்று ஒடிந்தால், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி மறுபடி இளகும். ஒடியவே கூடாது என்று இரும்புக் கம்பியைக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அறுந்த துண்டு தோட்டா மாதிரிப் போகும்.

காதும் கையும்

பெட்ரோல் ட்ரிம்மரின் சத்தம் ஓட்டுபவரின் காதருகில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் பரிந்துரைப்படி 85 டெசிபலை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி நேரம், 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97 ஆகும்போது அரை மணி நேரம். பெட்ரோல் என்றால் காதுக் காப்பும் சேர்ந்ததுதான் அந்த இயந்திரம். பேட்டரி சத்தமே போடாது என்பது விளம்பரப் பேச்சு. நரம்பு காற்றை அறுக்கும் கீச்சொலி இருக்கும். ஆனாலும் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் எழுவதற்குள் வெட்டி முடித்துவிடலாம், அந்த அளவுக்குத்தான்.

அதிர்வு இதைவிட மோசம், ஏனென்றால் உடனே தெரியாது. வருடக்கணக்கில் அதிரும் கைப்பிடியைப் பிடிப்பவர்களுக்கு விரல் நுனிகள் மரத்து, குளிரில் வெளுத்துப்போகும் நோய் வரும். மாதம் ஒருமுறை வெட்டுகிறவர் பயப்பட வேண்டாம். தினமும் வெட்டுகிறவர் கவனிக்க வேண்டும்.

எடை? கிலோ கணக்கில் பேட்டரி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கைப்பிடியை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்து, ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். முனை தரையில் விழுந்தால் நாளைக்கு இடுப்பு பேசும்.

எது எப்படிச் சாகிறது

பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும், விகிதம் ஐம்பதுக்கு ஒன்று என்றால். நாற்பதுக்கு ஒன்று என்றால் 25 மில்லி. ஆயில் கலக்க மறந்து ஒரு தடவை ஓட்டினால் போதும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சவ்வையும் விறைக்க வைக்கும். இன்ஜின் வர வரப் பலமிழந்தால் உடனே மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்; சைலன்சருக்குள் இருக்கும் தீப்பொறி தடுக்கும் சின்ன வலையில் கரி அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் போன உயிர் திரும்பி வரும். பெட்ரோல் இயந்திரத்தின் அழகே இதுதான்: ஏதாவது கெட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் எதையும் சரிசெய்யலாம்.

பேட்டரி இயந்திரம் கெடுவதே அபூர்வம், கெட்டால் கதை முடிந்தது. லித்தியம் பேட்டரி பயன்படுத்தாவிட்டாலும் மூப்படையும். முழு சார்ஜில், சூடான தகரக் கொட்டகையில் கிடந்தால் இன்னும் வேகமாக. பாதி சார்ஜில் வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அப்படிப் பார்த்துக்கொண்டாலும் சில வருடங்களில் புதுப் பேட்டரி தேவைப்படும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்தாது. என்னுடைய முதல் பேட்டரி ட்ரிம்மரின் மோட்டார் இன்றும் புதுசு போல இருக்கிறது. அதற்கான பேட்டரியைத் தயாரிப்பதைத்தான் அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. எனவே ட்ரிம்மரைத் தேர்ந்தெடுப்பதைவிட அந்தப் பேட்டரி வரிசையைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ட்ரில்லிங் மெஷினின் பேட்டரியே ட்ரிம்மருக்கும் பொருந்தும் என்றால், பாதி முடிவு அங்கேயே எடுத்தாகிவிட்டது.

வீட்டைச் சுற்றி, வேலி ஓரம், நடைபாதை விளிம்பு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் நான் யோசிக்காமல் பேட்டரியைச் சொல்வேன். ஏக்கர் கணக்கில் இடம், பக்கத்தில் மின்சாரம் இல்லை, வாரம் முழுக்க வேலை என்றால் பெட்ரோல். அப்படி ஓடிக்கொண்டே இருக்கும் இன்ஜின் தொந்தரவும் கொடுக்காது. தகராறு நடுவில் இருப்பவர்களுக்குத்தான். வருடத்தில் ஓரிரு நாள் வரும் பெரிய வேலையை நினைத்து, “எதற்கும் இருக்கட்டும்” என்று பெட்ரோல் வாங்கி, மீதி நாளெல்லாம் கயிறு இழுத்து அவதிப்படுகிறார்கள். அந்த ஓரிரு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம், அல்லது ஆள் வைத்து வெட்டலாம்.

நான் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். பேட்டரி, வீட்டுக்கு. பெட்ரோல், பின்பக்கப் புதருக்கு, வருடத்தில் நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்து இன்ஜின் ஆறியதும் டேங்கைக் கவிழ்த்து வடித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து கீழே வைத்துவிடுகிறேன். குழாயில் இருக்கும் கடைசிச் சொட்டும் தீர்ந்து, இருமி இருமி அது தானாக நின்ற பிறகுதான் கொட்டகையைப் பூட்டுகிறேன்.